பலெர்மோவுக்கு நாலு நாள்: இருக்கைக்கு அடியில் நுழையும் ஒரே பை

கேள்வி இது: மே கடைசி வாரம் லண்டனிலிருந்து சிசிலியின் பலெர்மோவுக்கு நாலு நாள் பயணம். மகனும் அம்மாவும். டிக்கெட் மலிவு, ஆனால் இலவசமாக விடுவது இருக்கைக்கு அடியில் வைக்கிற சின்னப் பை மட்டும். அம்மா புடவைதான் கட்டுவார். சமாளிக்கலாமா, பெட்டிக்குக் காசு கட்டிவிடலாமா?

சமாளிக்கலாம். அம்மாவின் புடவையோடு சேர்த்தே சமாளிக்கலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் விமானக் கம்பெனி பையை நுழைத்துப் பார்க்க வைத்திருக்கும் அளவுப் பெட்டியை மட்டும் மனதில் வைத்துப் பையை அடுக்குகிறார்கள். நீங்கள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போகிற நேரத்தை நினைத்து அடுக்குங்கள். தங்கும் அறை முதல் நாள் மதியம் 2 மணிக்கோ 3 மணிக்கோதான் கைக்கு வரும். கடைசி நாள் காலை 10, 11 மணிக்கே காலி செய்யச் சொல்வார்கள். விமானம் இரவில் என்றால் அன்று பகல் முழுக்கப் பை உங்கள் முதுகில்தான். நாலு நாளில் ஏறக்குறைய ஒரு முழுப் பகல் இப்படிப் போகும். பலெர்மோவின் பழைய நகரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் பலவும் மூன்றாம் மாடி, நான்காம் மாடியில் இருக்கும், லிஃப்ட் இருக்காது. அளவுப் பெட்டியில் பை நுழைந்துவிட்டாலும் படியேறும்போது 9 கிலோ 9 கிலோதான்.

முதலில் அளவுக் கணக்கை முடித்துவிடுவோம். மலிவு விமானக் கம்பெனியான ரயன்ஏரின் இலவசப் பை முன்பு 40×25×20 செ.மீ.; 2025இல் அதை 40×30×20 ஆக்கினார்கள். அதாவது 20 லிட்டர் 24 லிட்டர் ஆகியிருக்கிறது. விஸ் ஏரிலும் 40×30×20தான். ஈஸிஜெட் தாராளம், 45×36×20. இவை சக்கரம், கைப்பிடி, பிதுங்கி நிற்கும் வெளிப்பாக்கெட் எல்லாம் சேர்த்த அளவுகள். "யார் பார்க்கப்போகிறார்கள்" என்று நினைக்க வேண்டாம். அளவு மீறிய பையைப் பிடிக்கும் ஊழியருக்கு ரயன்ஏர் தரும் ஊக்கத்தொகை பைக்கு 1.50 யூரோவாக இருந்தது; 2025 நவம்பரில் 2.50 ஆக்கி, மாத உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். வாயிலில் மாட்டிக்கொண்டால் கட்டும் பணம் மலிவு டிக்கெட்டின் விலையையே தாண்டிவிடும். இந்த வசூல் சரியா என்று ஐரோப்பாவில் ஒரு சண்டையே நடக்கிறது. ஸ்பெயின் அரசு 2024இல் ஐந்து விமானக் கம்பெனிகளுக்குச் சேர்த்து 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது, கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. அது தீரும்போது தீரட்டும், உங்கள் பயணம் மே மாதம்.

பை முதுகில் மாட்டுகிற துணிப்பையாக இருக்கட்டும். பள்ளிக்கூடப் பையே போதும். இந்த அளவில் விற்கும் குட்டிச் சக்கரப் பெட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். சக்கரமும் இழுகம்பியும் கனத்தைக் கூட்டி, உள்ளே நல்ல இடத்தையும் சாப்பிட்டுவிடும். அதோடு பலெர்மோவின் பழைய தெருக்களில் பாவியிருப்பது கருங்கல் போன்ற பெரிய சாம்பல் கற்கள். பல்லாரோ சந்தைப் பக்கம் போனால் அந்தக் கற்களின் மேல் மீன் கழுவிய தண்ணீரும் கீரைத் தண்டும் கிடக்கும். அங்கே சக்கரத்தை இழுப்பதைவிடப் பெட்டியைத் தூக்கி நடப்பதே மேல்.

துணி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. மே கடைசியில் பலெர்மோவில் பகல் வெப்பம் 23, 25 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் 16, 17. மழை அரிது. ஆப்பிரிக்கப் பக்கமிருந்து சிரோக்கோ காற்று அடித்தால் மட்டும் சட்டென்று சூடு ஏறி, கார்களின் மேல் சிவப்புத் தூசி படியும். ஆகவே தடித்த துணி எதுவும் தேவையில்லை. ஒரு ஜீன்ஸ் முக்கால் கிலோ இருக்கும், துவைத்தால் இரண்டு நாள் காயாது. அதை வீட்டிலேயே விடுங்கள். மெல்லிய காட்டன் பேன்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றைப் பையில் வையுங்கள். சட்டை மூன்று, போட்டிருப்பதையும் சேர்த்து. உள்ளாடை மட்டும் நாலு நாளுக்கும் எடுத்துக்கொள்ளலாம், அதில் கஞ்சம் வேண்டாம். இரவில் சட்டையைக் கையால் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து மாடத்தில் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். தெருவின் குறுக்கே கொடி கட்டித் துணி உலர்த்தும் ஊர் அது, உங்கள் சட்டையை யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள். குளிர் காற்றுக்கு ஒரே ஒரு மெல்லிய ஜாக்கெட், பாக்கெட் நிறைய உள்ளதாக. அதைப் பையில் வைக்காமல் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள். பவர் பேங்க், சார்ஜர், கண்ணாடிக் கூடு எல்லாம் அந்தப் பாக்கெட்டுகளுக்குள் போய்விட்டால் பையில் ஒரு கிலோ குறையும்.

துண்டு என்றதும் நினைவு வருகிறது. டர்க்கி டவல் தயவுசெய்து வேண்டாம். ஈரிழைத் துண்டு ஒன்று போதும். கனமே இல்லை, ஒரு மணி நேரத்தில் காயும். உங்களிடம் லுங்கி இருந்தால் இன்னும் நல்லது. மொந்தேல்லோ கடற்கரையில் விரித்து உட்காரலாம், அதைக் கட்டிக்கொண்டே உடை மாற்றலாம், இரவில் போர்வைக்கு மேல் போர்வையாகவும் ஆகும். பயணச் சாமான் கடைகளில் மைக்ரோஃபைபர் டவல் என்று நல்ல விலைக்கு விற்பது எதுவும் இவ்வளவு வேலை செய்யாது. கடல் நீர் மே மாதத்தில் இன்னும் குளிராகத்தான் இருக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி அம்மா. காட்டன் புடவை அரைக் கிலோவுக்கு மேல் வரும், கசங்கும், இஸ்திரி கேட்கும். பட்டு பற்றிப் பேசவே வேண்டாம். பூனம் அல்லது ஜார்ஜெட் புடவை என்றால் ஏறக்குறைய 400 கிராம், கசங்காது, இரவில் அலசினால் காலையில் கட்டலாம். கட்டியிருப்பது ஒன்று, பையில் இரண்டு. இரண்டு ரவிக்கையும் இரண்டு பாவாடையும் எல்லாப் புடவைக்கும் பொருந்துகிற நிறத்தில் இருந்தால் கணக்கு முடிந்தது. பாவாடைதான் காய நேரமெடுக்கும், அதனால் அதிலும் மெல்லியதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தேயாத்ரோ மாஸ்ஸிமோவில் ஒரு மாலை இசை கேட்கப் போவதாக இருந்தால் உங்களுக்குத்தான் நல்ல சட்டை வேண்டுமே என்ற கவலை. அம்மாவுக்கு அதே பூனம் புடவை போதும். இத்தாலியின் மிகப் பெரிய ஆப்பரா அரங்கம் அது, 1897இல் திறந்தது. அங்கே புடவையைவிடக் கம்பீரமான உடை வேறு இருக்காது.

பையை உண்மையில் நிரப்புவது துணி அல்ல, காலணி. ஒரு ஜோடி ஷூ பையின் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். நடந்து பழகிய ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள். பையில் தட்டையான ஒரு செருப்பு மட்டும். அம்மாவுக்குக் குதிகாலில் பட்டை உள்ள செருப்பு வேண்டும். நான் மேலே சொன்ன அந்தப் பாவுகற்கள் பல தலைமுறைக் கால்கள் பட்டு வழவழத்துப் போனவை. ஈரத்தில் சாதாரண ரப்பர் செருப்பு வழுக்கும். புதுச் செருப்பை அங்கே போய் முதல்முறை போட வேண்டாம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தேவாலயங்களுக்குத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பலெர்மோவில் பார்க்கத் தகுந்ததில் பாதி தேவாலயங்கள்: நார்மன் அரண்மனைக்குள் அரசர் இரண்டாம் ரோஜர் கட்டிய கப்பெல்லா பலாத்தீனா, ஊருக்கு வெளியே மலைமேல் மொன்ரேயாலே பேராலயம். இவற்றையும் சேர்த்துத்தான் 2015இல் யுனெஸ்கோ அரபு–நார்மன் பலெர்மோவைப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. அரைக்கால் சட்டையோடு போய் வாசலில் நிற்பவர்களை அங்கே பார்க்கலாம். உங்கள் வீட்டில் இந்தத் தொல்லை அம்மாவுக்கு இல்லை, உங்களுக்குத்தான். எனவே அரைக்கால் சட்டை ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

அம்மாவுக்காக ஒரு சால்வையும் வையுங்கள். அது மொந்தே பெல்லெக்ரினோ மலைக்கு. பலெர்மோவின் காவல் புனிதை சாந்த ரொசாலியாவின் குகைக் கோயில் அங்கே இருக்கிறது. 1624இல் ஊரில் கொள்ளைநோய் பரவியபோது அவருடைய எலும்புகள் கிடைத்து, ஊர்வலமாகக் கொண்டுவந்த பின் நோய் நின்றது என்பது ஊரார் நம்பிக்கை. பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் ஒரு பெரிய சமூகமாக வாழ்கிறார்கள். அவர்களில் கத்தோலிக்கரும் சரி, சைவரும் சரி, இந்த மலைக்கு நேர்ந்துகொண்டு ஏறுவது வழக்கம். குகைக்குள் பாறையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும், அதை ஏந்த உலோகத் தகடுகள் பொருத்தியிருக்கிறார்கள். வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே ஈரக் குளிர். அம்மா நடந்து ஏற வேண்டாம், பேருந்து போகிறது.

திரவங்களில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். 2006 ஆகஸ்டில் லண்டனில் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று பிடிபட்டதிலிருந்து 100 மி.லி. விதி இருக்கிறது. ஒவ்வொரு புட்டியும் 100 மி.லி.க்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் தெளிவான பைக்குள். புது ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில், எடின்பரோ, பர்மிங்காம் போல, 2025 முதல் 2 லிட்டர்வரை விடுகிறார்கள். போகும்போது விட்டார்களே என்று பெரிய புட்டியை எடுத்துப்போனால், திரும்பும் ஊரில் பழைய ஸ்கேனராக இருந்தால் குப்பைக்குப் போகும். இரண்டு பக்கமும் 100தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைப் புட்டிதான் இருக்கிறது என்ற வாதம் செல்லாது, புட்டியின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். பற்பசை, ஊறுகாய், தொக்கு, இட்லிப் பொடியில் கலந்துவைத்த நல்லெண்ணெய் எல்லாமே இதில் அடங்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்து கல்லாக இருந்தாலும் சோதனையில் அதைத் திடப்பொருளாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சின்னப் புட்டியில் ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். சோப்புக் கட்டி ஒன்று குளிக்க, துவைக்க, இரண்டுக்கும். சன்ஸ்கிரீனை அங்கே சூப்பர் மார்க்கெட்டில் வாங்குங்கள், லண்டனிலிருந்து சுமக்க வேண்டாம்.

பிளக் விஷயம் சின்னது, ஆனால் இரவு பத்து மணிக்கு வந்து கழுத்தைப் பிடிக்கும். பிரிட்டனில் "ஐரோப்பிய அடாப்டர்" என்று விற்பவற்றில் பல, தடித்த வட்ட முனையோடு ஜெர்மன் வகையில் இருக்கும். இத்தாலியின் பழைய வீடுகளில் மூன்று துளை ஒரே வரிசையில் இருக்கிற மெல்லிய சாக்கெட் உண்டு. அந்தத் தடித்த முனை அதில் நுழையாது. தட்டையான, மெல்லிய இரண்டு குச்சி அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். அது இரண்டு வகைச் சாக்கெட்டிலும் போகும். பவர் பேங்க் 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும், 20,000 எம்ஏஎச் என்றால் ஏறக்குறைய 74, கவலையில்லை. ரயன்ஏர் 2025 நவம்பர் முதல் காகிதப் போர்டிங் பாஸை நிறுத்திவிட்டது. போனில் சார்ஜ் தீர்ந்தால் திண்டாட்டம், பவர் பேங்கைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

அம்மாவின் மாத்திரைகள் அட்டையோடு, மருந்துச்சீட்டின் நகலோடு, அவர் கைவசம் இருக்கும் பையில். ஒருவேளை நீங்கள் காசு கட்டிப் பெரிய பைக்கு அனுமதி வாங்கினால் அதில் மருந்தை வைக்கவே வேண்டாம். விமானம் நிரம்பினால் மேல் அலமாரிப் பைகளை வாயிலில் வாங்கிக் கீழே சரக்கறைக்கு அனுப்புவார்கள். இருக்கைக்கு அடியில் போகிற பையைத் தொட மாட்டார்கள். பாஸ்போர்ட் இந்தியாவுடையதோ இலங்கையுடையதோ என்றால் ஷெங்கன் விசாவோடு, விசாவுக்குக் காட்டிய 30,000 யூரோ காப்பீடு, தங்குமிட ரசீது இவற்றின் அச்சுப் பிரதியும் வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் ஐரோப்பாவின் புதிய எல்லைப் பதிவுக்காகக் கைரேகையும் படமும் எடுப்பார்கள், வரிசை நீளும், அம்மா உட்கார இடம் தேட வேண்டியிருக்கும். நகரச் சுற்றுலா வரிக்குக் கொஞ்சம் யூரோ சில்லறையாக வைத்திருங்கள், பல வீட்டுக்காரர்கள் அதை மட்டும் ரொக்கமாகக் கேட்பார்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவதில் ஒரு எச்சரிக்கை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு அங்கிருந்து இறைச்சியும் பால் பொருளும் ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. தயிர்சாதம் கட்டினால் விமானத்திலேயே தின்று முடித்துவிடுங்கள், அதுவும் சோதனையைத் தாண்டினால். புளிசாதம் பிரச்சினையில்லை. புது கறிவேப்பிலையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் போகாது. ஒன்றியம் சான்றிதழ் கேட்காத பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, துரியன். நம் வீட்டில் அதிகம் இருப்பதைப் பார்த்து எழுதினார்கள் போலிருக்கிறது. ஆனால் அங்கே கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. பல்லாரோவில் கடலை மாவைக் கிண்டி, வில்லையாக்கி எண்ணெயில் பொரித்த பனெல்லே கிடைக்கும், அம்மா ஒரு கடி கடித்ததும் சிசிலிக்காரர்களோடு சமாதானமாகிவிடுவார்.

திரும்பும்போதும் இதே கதை, மறுபக்கமாக. 2025 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்குச் சீஸும் பன்றி, ஆட்டு, மாட்டு இறைச்சியும் தனியாள் கொண்டுவரத் தடை. கால்நடைகளுக்குக் கோமாரி பரவியதுதான் காரணம். ஆலிவ் எண்ணெய் 100 மி.லி.க்கு மேல் சோதனையைத் தாண்டாது. பிஸ்தா விழுதும் களிம்பு கணக்கில் வரும். உப்பில் போட்ட பந்தெல்லேரியா கேப்பர் மொட்டு, பிரோந்தே பிஸ்தாப் பருப்பு, த்ராப்பானி கடல் உப்பு, காய்ந்த ஒரிகானோ, பழ வடிவில் செய்த மார்தொரானா இனிப்பு: இவை எல்லாம் திடமானவை, கனம் குறைவு. இதற்காகப் பையில் ஒரு சாண் இடம் விட்டுப் புறப்படுங்கள். மடித்த மஞ்சப்பை ஒன்றும் உள்ளே இருக்கட்டும், சந்தைக்கு ஆகும். விமானத்தில் ஏறும்போது மட்டும் அதுவும் பைக்குள் போயாக வேண்டும்.

இதே பயணம் ஆகஸ்டில் என்றால் இன்னும் சுலபம், ஜாக்கெட்டும் வேண்டாம். டிசம்பர், ஜனவரி என்றால் கணக்கு மாறும். வெளியே 14, 15 டிகிரி ஒன்றும் செய்யாது, வீட்டுக்குள் இருக்கும் சலவைக்கல் தரைதான் குளிரும். பலெர்மோ இருக்கும் வெப்ப மண்டலத்தில் சட்டப்படி கட்டட ஹீட்டர் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, அதுவும் நாளுக்கு 8 மணி நேரம்தான். அப்போது தடித்த காலுறையும் ஸ்வெட்டரும் வேண்டும், சின்னப் பை திணறும்.

காசு கட்டுவதா வேண்டாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, தோளில் பை மாட்ட முடியாது என்றால் தயங்காமல் ஒருவருக்கு மட்டும் 10 கிலோ பெட்டி ஒன்று வாங்கி இருவர் சாமானையும் அதில் போடுங்கள். அதை டிக்கெட் எடுக்கும்போதே வாங்கிவிடுங்கள், பின்னால் விலை ஏறும். இருவரும் நன்றாக நடப்பவர்கள் என்றால் வேண்டாம். அம்மாவின் பை 4 கிலோவைத் தாண்டக் கூடாது, உங்களுடையது 7. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே இரண்டையும் அடுக்கி, மாட்டிக்கொண்டு, வீட்டுப் பக்கத்தில் படிகள் உள்ள ரயில் நிலையத்துக்கு அரை மணி நேரம் நடந்து பாருங்கள். அப்போது தோளை அழுத்துகிற சாமான் எது என்று தெரிந்துவிடும், அதை எடுத்து வெளியே வையுங்கள். அநேகமாக அது இரண்டாவது ஷூவாக இருக்கும்.